புதுக் கேபிளும் என் காதும்

தம்பி கொண்டுவந்த கேபிள் சாரைப்பாம்பின் பருமனில் இருந்தது. கறுப்பும் வெள்ளியுமாகப் பின்னிய மேலுறை. பிளக்கின் பின்களுக்குப் பொன்முலாம் பூசியிருந்தது. அதைப் பெட்டியிலிருந்து அவன் இரண்டு கைகளாலும் எடுத்ததைப் பார்த்து என் கணவர் சிரித்தார்.

"தலை நிக்காத புள்ளையத் தூக்கிற மாதிரித் தூக்கிறான் பாரு."

"அத்தான், இத உங்கட அம்ப்ளிபயருக்குப் போட்டுக் கேளுங்க. மறுகா சிரிங்க" என்றான் தம்பி.

அது பாட்டைக் கொண்டுபோகும் வயர் அல்ல. சுவரிலிருக்கும் பிளக் பொயின்டிலிருந்து அம்ப்ளிபயருக்கு மின்சாரத்தைக் கொண்டுபோகும் வயர், அவ்வளவுதான். அம்ப்ளிபயரோடு வந்த பழைய கேபிளும் அதே வேலையைத்தான் இத்தனை காலமும் செய்துகொண்டிருந்தது. நான் நில அளவை அலுவலகத்தில் படவரைஞர். ஒரு வேலை ஏன் நடக்கிறது என்று தெரியாமல் அதை நம்புவது எனக்குக் கடினம். ஆகவே தம்பியிடம் கேட்டேன்.

"மலைநாட்டிலிருந்து கம்பி கம்பியா வந்து, காகம் குந்தி, உப்புக் காத்தில ஊறி, எங்கட சுவருக்குள்ள கிடக்கிற சாதா வயராலயும் வாற கரண்டு, கடைசியா இந்தத் துண்டுக்குள்ள பூந்தவுடனே திருந்திடுமா?"

"வாய்க்கால் எவ்வளவு கலங்கினாலும் குழாயில பில்டர் போட்டா நல்ல தண்ணிதானே வருது? கடைசித் துண்டுதான் அக்கா பில்டர்."

பதில் மோசமில்லை. நானும் கேபிளுக்கு எதிராக முடிவெடுத்துவிட்டு உட்காரவில்லை. தம்பி கட்டாரில் பல வருடங்கள் மின் வேலை செய்துவிட்டு வந்து வவுணதீவில் வீடு கட்டியவன். கதவுகளுக்கு முன்னமே ஸ்பீக்கர்கள் வாங்கியவன். ஒலியில் அவனுக்கு உண்மையான ஆசை உண்டு.

எங்கள் முன்னறையில் இரண்டு ஸ்பீக்கர்கள். ஒன்று வாவியைப் பார்த்த யன்னல் பக்கம், மற்றது சமைக்கும் குசினியின் கதவுப் பக்கம். என் இடம் எப்போதும் யன்னல் பக்க ஸ்பீக்கரை ஒட்டிய பிரம்புக் கதிரை. கணவரும் தம்பியும் அறையின் நடுவே நீளக் கதிரையில் இருந்தார்கள். தம்பி முதலில் பழைய கேபிளில் ஒரு பாட்டைப் போட்டான். பிறகு அம்ப்ளிபயரை நிறுத்திக் கேபிளை மாற்றினான். "இனி ஒருத்தரும் கதைக்கப்படாது. ஃபேனையும் நிப்பாட்டுங்க அத்தான், நுணுக்கமாக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு அதே பாட்டை மறுபடி போட்டான்.

கணவர் கண்ணை மூடிக்கொண்டார். சிறிது நேரத்தில் அவருடைய புருவம் உயர்ந்தது.

"சத்தியமா வித்தியாசம் இரிக்கு. சல்லாரித் தாளத்திட நுனி கேக்குது."

"பாத்தீங்களா! அக்கா?"

"எனக்கு ரெண்டும் ஒண்டு போலதான்" என்றேன்.

"ஒண்டு போலயா? அத்தானுக்கே கேக்குது!"

"அத்தானுக்கே எண்டா என்னடா கருத்து?" என்று கணவர் கண்ணைத் திறந்தார்.

தம்பி அவரைக் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்து அனுதாபமாகத் தலையசைத்தான். "வாவியில மீன் பாடுறது கேக்குது எண்டு ஊருக்கெல்லாம் சொல்றவ, வீட்டுக்குள்ள கேபிள் பாடுறது கேக்கல்லையாம்."

எங்கள் வாவியில் நிலா இரவுகளில் மீன் பாடும் என்பது ஊர் நம்பிக்கை. அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். அவன் அந்தப் பகிடியை வெளியே கொண்டுபோவான் என்று நினைக்கவில்லை.

அவன் எங்களுக்குப் போட்டுக்காட்டிய பாட்டு எங்கள் குழுவின் பாட்டு. எங்கள் அம்மன் கோயிலின் வைகாசிக் குளிர்த்தித் திருவிழாவுக்கு முன்பு, ஊர்ப் பெண்கள் சேர்ந்து பாட்டுகளைப் பாடிப் பதிவுசெய்வோம். திருவிழா நாட்களில் கோயிலின் ஒலிபெருக்கியில் அது போகும். ஒவ்வொரு பாட்டையும் பல தடவை பாடுவோம். பிறகு ஒருவர் எல்லாவற்றையும் கேட்டு, எந்தத் தடவை பாடியது கோயிலுக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்கவேண்டும். அந்த வேலை தொடக்கத்திலிருந்தே என்னுடையது. எனக்குப் பெரிய குரல் இல்லை. பாடுகிறவர்களில் நான் பின்வரிசை. ஆனால் யாருடைய சுருதி எந்த இடத்தில் இறங்கியது, யார் மூச்சை விழுங்கினார்கள் என்பது எனக்குக் கேட்கும். குழுவில் எனக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

இம்முறை பதிவுசெய்தது தம்பி. அவனுடைய ஒலிவாங்கிகளுக்கு முன்னால் எல்லாரையும் அரைவட்டமாக நிறுத்தியது நான். பதிவு முடிந்து, கேட்டுத் தீர்மானிப்பது மட்டும் பாக்கியாக இருந்தது.

கேபிள் வந்த கிழமையே எங்கள் குழுவில் பாட்டைத் தொடங்குகிறவள் வீட்டுக்கு வந்தாள். கரடியனாற்றிலிருந்து இங்கே கலியாணம் முடித்து வந்தவள். வயல் வட்டைக்குள் கத்திக் கிளி கலைத்து வளர்ந்த குரல் அவளுக்கு. மெதுவாகப் பேசத் தெரியாது. அன்று மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, குறை நினைக்காதங்க. உங்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாயிட்டு எண்டு தம்பி சொன்னார்."

"அவன் பகிடிக்குச் சொல்லியிருப்பான்."

"பகிடியாத்தான் சொன்னார். ஆனா ரெண்டு மூண்டு பேர் கதைக்கிறாங்க. இந்த முறை தம்பியே கேட்டு எடுக்கட்டுமாம். நீங்களும் கூட இருங்க அக்கா."

'நீங்களும் கூட இருங்க' என்பதுதான் எனக்குச் சுட்டது. அவளுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினேன். மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சம்மதம் என்றும் சொல்லவில்லை.

கோபத்துக்குக் கீழே பயமும் இருந்ததை எழுதத்தான் வேண்டும். என் அப்பாவுக்கு ஐம்பதைத் தாண்டியதும் காது போனது. அவர் அதைத் தெரிந்துகொண்டது கடைசியாகத்தான். அவருக்கு முன்னால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நானும் ஐம்பதைத் தாண்டியிருந்தேன். அலுவலகத்தில் பேனா முனை தாளில் உரசும் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தேன். கேட்டது. பல்லி சொன்னது கேட்டது. பக்கத்து வீட்டுத் தையல் இயந்திரம் கேட்டது. ஆனால் இதனாலெல்லாம் ஆறுதல் வரவில்லை. கேட்கிற சத்தங்களை எண்ணிவிடலாம். கேட்காதவற்றை எப்படி எண்ணுவது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி மறுபடி வந்தான். அந்தத் தையல் இயந்திரத்தின் சொந்தக்காரியையும் கணவர் கூப்பிட்டிருந்தார், கேபிளைக் காட்டுவதற்கு. அவள் போர்த்துக்கேய வழிவந்த பறங்கிக் குடும்பம். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவளுடைய வீட்டில் வயலின் இல்லாத கலியாணம் நடந்ததில்லை. நீளக் கதிரையில் கணவருக்குப் பக்கத்தில் இருந்தாள். தம்பி பழைய கேபிளைப் போட்டான், பிறகு புதியதைப் போட்டான்.

"என்ன அக்கா, வித்தியாசம் கேக்குதா?" என்று அவளிடம் கேட்டான்.

"ஓம் தம்பி, ஏதோ தெளிவாத்தான் கிடக்கு." அவள் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தாள். "பாட்டு நல்லம். ஆனா உங்கட வீடு இண்டைக்குப் பாண் சுடுற போறணை மாதிரி கிடக்குகா."

சித்திரை வெயில் கூரையில் நின்றது. கணவரைப் பார்த்தேன். அவர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன தடவையும் புதுக் கேபிள் பாடும்போதுதான் அவர் துவாய் கேட்டார். பழைய கேபிள் பாடும்போது ஒருவரும் எதையும் துடைக்கவில்லை. தலையை உயர்த்தி மின்விசிறியைப் பார்த்தேன். மூன்று இறக்கையும் அசையாமல் நின்றன.

புதியதைக் கேட்கும்போது நுணுக்கமாகக் கேட்கவேண்டுமென்று விசிறியை நிறுத்துகிறார்கள். பழையதைக் கேட்கும்போது யாருக்கும் அந்த மரியாதை தோன்றுவதில்லை, வெக்கைக்கு விசிறியை ஓடவிட்டுவிடுகிறார்கள். எங்கள் ஊரில் விசிறிச் சத்தத்தை ஒரு சத்தமாக யார் கணக்கெடுப்பது? அது பகல் முழுக்க ஓடும், மூச்சு மாதிரி. எங்கள் விசிறியோ பழசு. நீளக் கதிரைக்கு நேர் மேலே தொங்குகிறது. என் பிரம்புக் கதிரை அறையின் மூலையில், ஸ்பீக்கரின் பக்கத்தில். எனக்கு இரண்டு தடவையும் பாட்டு மட்டுந்தான் கேட்டது. அதனால்தான் இரண்டும் ஒன்று போல இருந்தன.

"பழைய கேபிளைத் திருப்பிப் போடு" என்றேன் தம்பியிடம். "ஃபேனைத் தொடாத."

போட்டான். பாட்டு ஓடியது. பக்கத்து வீட்டுக்காரி புருவத்தைச் சுருக்கினாள்.

"இப்பயும் தெளிவாத்தானே கிடக்கு?"

கணவர் எழுந்துபோய் விசிறியைப் போட்டார். உட்கார்ந்தார். கேட்டார். மறுபடி எழுந்து நிறுத்தினார். அவருடைய முகத்தில் ஒரு துக்கம் தெரிந்தது.

"எங்கட ஃபேன் இவ்வளவு கத்துமா?"

"இருபது வருஷமாக் கத்துது" என்றேன்.

எனக்கு எழும்பி ஆடலாம் போல இருந்தது. ஆனால் தம்பி சும்மா தோற்கிற ஆள் இல்லை.

"சரி அக்கா, ஃபேன் ஒரு காரணம்தான். நான் ஒத்துக்கொள்றன். ஆனா ஃபேன நிப்பாட்டிப்போட்டு ரெண்டையும் கேட்டாலும் எனக்கு வித்தியாசம் கேக்கும்."

"எது எண்டு தெரியாமக் கேட்டாலுமா?"

"கண்ணைக் கட்டிட்டுக் கேட்டாலும்."

"அப்ப வாற ஞாயிறு. உனக்குக் கேட்டா, பாட்டை நீயே தெரிவுசெய். நான் குழுவுக்குச் சொல்றன்."

அவன் யோசித்தான். பிறகு ஒரு விஷயம் சொன்னான். அது சரியாக இருந்தபடியால் எனக்குக் கசந்தது. "எனக்குக் கேக்காட்டி கேபிள் தோக்கும். ஆனா அதால உங்கட காது நல்லம் எண்டு வராதே அக்கா. கேபிள்ல ஒண்டுமில்ல எண்டா, செவிட்டு ஆளும் வித்தியாசமில்ல எண்டுதான் சொல்லும்."

அவன் வெல்லலாம், நான் வெல்ல வழியில்லை. அப்படியொரு சோதனைக்குத்தான் நான் ஒழுங்கு செய்யத் தொடங்கினேன்.

ஒழுங்கு செய்வது எனக்கு வரும். நீளக் கதிரையையும் பிரம்புக் கதிரையையும் அறையின் நடுவே ஒரே வரிசையில் போட்டேன், இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில். அம்ப்ளிபயர் இருந்த மேசையை மறைத்து, என் நீலச் சேலை ஒன்றைக் கொடியில் கட்டினேன். சத்தம் கூட்டும் திருகியிலும் அதற்கு நேரே பெட்டியிலும் ஒட்டுப்பொட்டு ஒவ்வொன்று ஒட்டினேன். பொட்டும் பொட்டும் நேராக நிற்கவேண்டும், திருகியை யாரும் தொடக்கூடாது. சத்தம் சற்றுக் கூடினாலே நல்ல சத்தம் என்று காது நினைத்துவிடும். கேபிளை மாற்றுவது பக்கத்து வீட்டுக்காரி. எந்தத் தடவை எதைப் போடுவது, மாற்றாமலே விடுவதா என்பது அவளுடைய விருப்பம். அவள் சேலைக்குப் பின்னால் இருப்பாள், வாய் திறக்கமாட்டாள்.

"வாய் திறக்காம இருக்கிறதுக்கு என்னையா பிடிச்சீங்க?" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாட்டைத் தொடங்குகிறவளும் வந்தாள், குழுவின் சார்பில். கதவுப் படியில் குந்தியிருந்தாள். விசிறி நின்றது. யன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. தொடங்குவதற்கு முன்பே எல்லாருக்கும் வியர்த்தது.

முதல் தடவை பாட்டு ஓடியது. "பழசு" என்றான் தம்பி. சேலைக்குப் பின்னால் பிளக் கழற்றும் சத்தம் வந்தது. அடுத்த தடவை ஓடியது. "இது புதுசு. கேளுங்க அத்தான், அடி நாதம் எப்பிடி இறங்குது!" கணவர் அவனைப் பார்த்துத் தலையாட்டினார். அதற்கடுத்த தடவை கணவர் முந்திக்கொண்டு "புதுசு" என்றார். தம்பி "பழசு" என்றான். இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். என்னிடம் கேட்டபோதெல்லாம் "தெரியாது" என்று சொன்னேன். கதவுப் படியில் இருந்தவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். ஒவ்வொரு 'தெரியாது'வும் அவளிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

பிறகு சேலைக்குப் பின்னால் ஏதோ சரிந்த சத்தமும், "மாதாவே" என்று ஒரு முணுமுணுப்பும் கேட்டன.

"என்னகா?" என்று கேட்டேன்.

வாய் திறக்கக்கூடாது என்ற விதியை அவள் அந்த நேரம் பார்த்துக் கடைப்பிடித்தாள். சற்று நேரம் எதையோ செருகும் அரவம் கேட்டது. பிறகு பாட்டு ஓடியது.

தம்பி துள்ளி எழுந்தான். "இது! இதுதான்! சத்தியமாப் புதுசு. அறையே அகலமாயிட்டு. கேளுங்க, ஒவ்வொரு குரலும் வேற வேற இடத்தில நிக்குது!"

"ஓம், என்னவோ மாறித்தான் கிடக்கு" என்றார் கணவர்.

மாறித்தான் இருந்தது. முதல் வரியின் முதல் சொல்லிலேயே எனக்குத் தூக்கிப்போட்டது. எங்கள் வழக்கத்தில் பாட்டைத் தொடங்குகிறவள் சந்நிதிக்கு வலப்புறம் நிற்பாள். கோயிலில் மட்டுமல்ல, பதிவு மண்டபத்திலும் அவளை அப்படித்தான் நிறுத்தினேன். இத்தனை தடவையும் அவளுடைய குரல் யன்னல் பக்கத்திலிருந்து வந்தது. இப்போது அது குசினிக் கதவுப் பக்கத்திலிருந்து வந்தது. அடுத்த வரியில் பின்பாட்டுக்காரிகள் யன்னல் பக்கம் போயிருந்தார்கள். அவர்களுக்குள்ளே, கடைசியாக நின்ற என்னுடைய சின்னக் குரலும் இடம் மாறியிருந்தது.

"அக்கா?" என்றான் தம்பி, மரியாதைக்காக.

"எந்தக் கேபிள் எண்டு எனக்குத் தெரியாது" என்றேன். "ஆனா ஆக்களெல்லாம் இடம் மாறி நிக்கிறாங்க. வலப்பக்கம் நிண்டவங்க இடப்பக்கம். தொடங்கிறவ குசினிக்குள்ள நிண்டு பாடுறா."

தம்பி சிரித்தான். "அக்கா, கேபிள் மாத்தினா ஆக்கள் மாறுவாங்களா?"

"மாறமாட்டாங்க. அதான் சொல்றன், இது கேபிள் இல்ல. அங்க வேற என்னவோ நடந்திருக்கு."

கதவுப் படியில் இருந்தவள் எழுந்து உள்ளே வந்து, குசினிப் பக்க ஸ்பீக்கருக்கு முன்னால் குனிந்தாள். தன்னுடைய குரலை அதற்குள் கேட்டாள். நிமிர்ந்தபோது அவளுடைய கண் பெரிதாகியிருந்தது.

"ஓம்! நான் இந்தப் பக்கம் நிண்டு பாடவே இல்லையே!" இம்முறை அவளுடைய சொந்தக் குரலில்தான் கத்தினாள். வாவிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

சேலை விலகியது. பக்கத்து வீட்டுக்காரி குற்றவாளியைப் போல நின்றாள். "நான் பேசப்படாது எண்டு நீதான் சொன்னாய். பிளக்கைக் கழட்டக்குள்ள அந்தப் பெட்டி சரிஞ்சி, பின்னால கிடந்த வயரெல்லாம் கழண்டிட்டு. ஓட்டையப் பாத்துத் திருப்பிச் செருகினன். எது எந்த ஓட்டை எண்டு ஆருக்குத் தெரியும்?"

தம்பி மேசைக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தான். யன்னல் பக்க ஸ்பீக்கரின் வயர் குசினிப் பக்கத்துக்குரிய துளையில் இருந்தது, மற்றது யன்னல் பக்கத்துக்குரியதில் இருந்தது. கேபிளையும் பார்த்தான். நிமிர்வதற்கு அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்ன கேபிள் கிடக்கு?" என்று கேட்டார் கணவர்.

"பழசு" என்றான் தம்பி.

"பழசுதான்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "முதல் தடவை மட்டுந்தான் புதுசு போட்டனான். அது முரட்டு வயர், கை நோகுது எண்டு மறுகா நான் அதத் தொடவே இல்ல. சும்மா பழசையே கழட்டிக் கழட்டிப் போட்டன்."

முதல் தடவையைத்தான் தம்பி "பழசு" என்று சொல்லியிருந்தான். கணவர் சிரித்த சிரிப்பில் நீளக் கதிரை ஆடியது. "மச்சான், அதக் குசினிக்குக் கொண்டுபோ. றைஸ் குக்கருக்குப் பொருந்தும். சோறு நல்லாத் துலங்கி வரும்."

தம்பிக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. அவன் நல்லவன். தோற்றதும் ஒளிந்துகொள்ளமாட்டான். பாட்டைத் தொடங்குகிறவளின் முன்னாலேயே சொன்னான்: "அக்கா, உங்கட காதுக்கு ஒண்டுமில்ல. எனக்குத்தான் கேபிளப் பாத்தவுடனே காது போயிட்டு."

எல்லா வீட்டுக்கும், எல்லாக் கேபிளுக்கும் இதுதான் முடிவு என்று நான் எழுதமாட்டேன். எங்கள் முன்னறையில், எங்கள் அம்ப்ளிபயரில், அங்கே இருந்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நான் பார்த்தது அவ்வளவுதான். எனக்கு அதுவே தாராளமாகப் போதும். அன்று யன்னலைத் திறந்தபோது உள்ளே வந்த வாவிக் காற்றில் நான் கொஞ்ச நேரம் முகத்தைக் கொடுத்தபடி நின்றேன். என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். பயம் இல்லாமல் நினைத்தேன்.

மறுநாளே குழு முழுவதும் எங்கள் வீட்டுக்கு வந்தது. முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். தம்பி வயர்களை உரிய இடத்தில் பூட்டி, நான் சொன்ன ஒழுங்கில் ஒவ்வொரு பதிவாகப் போட்டுக் கொடுத்தான். முதல் இரண்டில் சுருதி நடுவே இறங்கியது. அடுத்ததில் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு பிழையும் இல்லை. அதையே எடுக்கலாம் என்று பலர் சொன்னார்கள். தம்பிக்கும் அதுதான் பிடித்தது. நான் கடைசிப் பதிவையும் போடச் சொன்னேன். அதில் இரண்டாம் அடியில் ஒருத்தி அரை மாத்திரை பிந்துகிறாள். ஆனால் அதற்குப் பிறகு தொடங்குகிறவள் மற்றவர்களை இழுத்துக்கொண்டு போகிறாள். எல்லாரும் களைப்பை மறந்து அவளுக்குப் பின்னால் ஓடுகிறார்கள்.

"இது" என்றேன்.

"அதில பிழை ஒண்டு இரிக்கே அக்கா?" என்றான் தம்பி.

"இரிக்கு. எனக்குக் கேட்டது. இதுதான் கோயிலுக்குப் போகுது."

பாயில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். தம்பி மற்றப் பதிவுகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, அடுத்த பாட்டைப் போடுவதா என்று என்னைக் கேட்டான். போடச் சொன்னேன்.